தானியங்கிப் பணிமனையில் தானாக இயங்குவது எது?

தமிழ்நாட்டில் அரசு ஜீப்பும் காரும் பழுது பார்க்கப் போகும் இடத்தின் பலகையில் ‘அரசு தானியங்கி பணிமனை’ என்றிருக்கும். நடுவே ஒரு ‘ப்’ விடுபட்டிருப்பது சின்னக் குறை. ஓடுகிற பேருந்திலிருந்து படிப்பவர் தானியக் கிடங்கு என்று நினைத்தாலும் அவரைக் குறை சொல்ல முடியாது. பெரிய குறை ‘தானியங்கி’ என்ற சொல்தான்.

‘ஆட்டோமொபைல்’ 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சொல். தலை கிரேக்கம், உடல் லத்தீன். மாடோ குதிரையோ இழுக்காமல், தன் எஞ்சினாலேயே நகரும் வண்டி என்று பொருள். ‘ஆட்டோமேட்டிக்’ வேறு: ஆள் கை வைக்காமலே வேலை செய்வது. இரண்டுக்கும் தலை ஒன்று என்பதற்காகத் தமிழில் இரண்டையும் ‘தானியங்கி’ ஆக்கிவிட்டார்கள்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்பவர்கள் பிரேக்கைப் பார்க்கட்டும். ஏர் பிரேக் உள்ள கனரக வண்டிகளில், பிரேக் லைனிங்குக்கும் அது உரசி நிறுத்தும் டிரம்முக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் இரண்டு வகை. சாதாரண வகையில் லைனிங் தேயத் தேய ஸ்பேனர் போட்டு அறுகோணத் தலையைத் திருப்பி, லைனிங் டிரம்மைத் தொடும்வரை இறுக்கி, பிறகு சற்றே தளர்த்த வேண்டும். தானியங்கி வகை, பிரேக் மிதிக்கும்போதே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். அதைப் பழைய பழக்கத்தில் ஒவ்வொரு சர்வீஸிலும் இறுக்கக் கூடாது. அட்ஜஸ்டரைத் தள்ளும் தண்டான புஷ் ராடு அளவுக்கு மீறி வெளியே வருகிறதென்றால் அட்ஜஸ்டரோ, கேம் ஷாஃப்ட் புஷ் போன்ற வேறு பிரேக் பாகமோ போய்விட்டது என்று பொருள். ஸ்பேனரால் இறுக்கினால் கோளாறு மறையுமே தவிர தீராது, சில நாளில் பிரேக் மறுபடி தளரும். இங்கே ‘தானியங்கி’ என்ற சொல்லுக்கு உயிர் போகிற அளவு கனம் இருக்கிறது. அதையே கட்டடத்தின் பெயராகவும் வைத்தால், ‘தானியங்கி உதிரிபாகம்’ என்று பதிவேட்டில் எழுதியதை ஸ்டோர்காரர் எப்படிப் படிப்பார்? ‘தானியங்கி எண்ணெய்’ இன்னும் மோசம். ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கான எண்ணெய் தனி, பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் வரும். அதற்குப் பதில் சாதாரண கியர் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் தட்டுகள் கெட்டு, கியர் விழவே தாமதமாகும்.

‘வழக்கில் வந்துவிட்டது, விடுங்கள்’ என்பது பொதுவான பதில். எந்த வழக்கில்? அந்த வண்டியை ஓட்டி வருபவரின் பதவிப் பெயர் ‘ஊர்தி ஓட்டுநர்’. (‘ஈப்பு ஓட்டுநர்’ என்ற கொடுமையும் அரசு விளம்பரங்களில் உண்டு; ஜீப்பை ஜீப் என்று எழுதினால் தமிழ் செத்துவிடாது.) பணிமனை சேர்ந்திருக்கும் துறை ‘இயக்கூர்திகள் பராமரிப்புத் துறை’. ஓட்டுநர் ஊர்தி, துறை இயக்கூர்தி; பணிமனை மட்டும் தானியங்கி. மக்கள் வழக்கையா கேட்கிறீர்கள்? அவர்கள் ‘வண்டி ஷெட்டுல நிக்குது’ என்பார்கள்.

தனித்தமிழ் அன்பர்கள் ‘தானுந்து’ என்பார்கள். பேருந்து, சரக்குந்து, மகிழுந்து வரிசையில் காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்ற மூன்றும் வகையைச் சொல்கின்றன. ‘தானுந்து’ எல்லா வகைக்கும் பொதுப்பெயராக இருந்துகொண்டு அந்த வரிசையிலேயே நிற்கிறது, கேட்பவர் அதையும் ஒரு வண்டி வகை என்றே எடுத்துக்கொள்வார். போதாக்குறைக்கு மூன்று சக்கர ஆட்டோவுக்குத் ‘தானி’ என்றும் பெயர் வைத்தாயிற்று. தானியைத் தானுந்துப் பணிமனைக்குக் கொண்டுபோய்த் தானியங்கிக் கியர் மாட்டலாம் போலிருக்கிறது.

‘இயக்கூர்தி’ பரவாயில்லை, மோட்டார் வாகனத்தை மாட்டுவண்டியிலிருந்து பிரிக்க வேண்டிய சட்ட வாசகத்துக்கு அது உதவும். பலகைக்கு அத்தனை தேவையில்லை, ‘ஊர்தி’ போதும். ஊர்தல் என்ற வினையில் பிறந்த அந்தச் சொல், புறநானூற்றின் கடவுள் வாழ்த்திலேயே சிவனின் வெள்ளேற்றைக் குறித்து வருகிறது. இன்றைக்கும் அவசர ஊர்தி, அமரர் ஊர்தி என்று எல்லார் வாயிலும் இருக்கிறது. 27ஆம் புறப்பாட்டில் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று ஒன்று வரும், ஓட்டுபவன் இல்லாமல் வானில் செல்வது. தானியங்கி என்ற அடைமொழி பொருந்துகிற ஊர்தி அதுதான். பணிமனை வாசலில் டயர் தேய்ந்து நிற்கிற ஜீப்புக்கு ‘அரசு ஊர்திப் பணிமனை’ என்ற பலகை போதும், ‘ப்’ விடாமல் எழுதினால்.