கத்தி படுவதற்கு முந்தின நாள்

பக்ரீத் வந்தாலும் ஆடி வந்தாலும் தவறாமல் என்னிடம் வரும் கேள்வி இது: "டாக்டர், ஹலாலா, ஒரே வெட்டா, எதுல ஆட்டுக்கு வலி கம்மி?" கேட்பவருக்கு எந்தப் பதில் வேண்டும் என்பது பெரும்பாலும் அவர் முகத்திலேயே தெரிந்துவிடும். நான் கால்நடை மருத்துவம் பார்ப்பது கிருஷ்ணகிரிப் பக்கம். இங்கே உகாதியை ஒட்டியும் கிடா விழும், மாரியம்மன் பண்டிகைக்கும் விழும், குர்பானிக்கும் விழும்.

ஹலால் அறுப்பில் மூச்சுக்குழலும் உணவுக்குழலும் கழுத்தின் பெரிய ரத்தக்குழாய்களும் அறுபடும். தண்டுவடம் அப்படியே இருக்கும். ஆட்டின் மூளைக்கு ரத்தம் பெரும்பாலும் கழுத்தின் இரு பக்கத் தமனிகள் வழியாகத்தான் போகிறது. இரண்டும் சுத்தமாக அறுபட்டால் சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். மாட்டில் கதை வேறு. கழுத்தெலும்பை ஒட்டி ஓடும் இன்னொரு தமனியும் மூளைக்கு ரத்தம் தருவதால், நினைவு தப்ப ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். மாட்டை மயக்கிவிட்டு அறுப்பதுதான் சரி என்பேன். ஆட்டுக்கு அந்த அளவு அடித்துச் சொல்ல மாட்டேன். நியூசிலாந்தில் ஹலால் இறைச்சிக்கே தலையில் மின்சாரம் செலுத்தி, அறுக்காமல் விட்டால் ஆடு எழுந்துகொள்ளும் அளவுக்கு மட்டும் மயக்குகிறார்கள். பெல்ஜியத்தின் இரு பிராந்தியங்கள் மயக்காமல் அறுப்பதையே தடை செய்தன. 2024-ல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அந்தத் தடை செல்லும் என்றது. நம் நாட்டில் 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 28-வது பிரிவு, மத முறைப்படி கொல்வதைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் 2003-ல் பழைய சட்டம் ஒன்றின்படி கோயில் பலிக்குத் தடை உத்தரவு வந்து, மறு வருடமே அந்தச் சட்டம் ரத்தான கதை ஊரறிந்தது.

ஒரே வெட்டு என்பதும் சொல்லும்போது சுலபம். மஞ்சத்தண்ணி தெளித்து, ஆடு உடம்பை உலுக்கியதும் அருவாள் இறங்கும். பழகிய கை, தீட்டிய அருவாள் என்றால் அதோடு சரி. வேண்டுதலுக்கு வளர்த்த கொழுத்த கிடாவும், முந்தின இரவு சரக்கடித்த பங்காளியும் சேர்ந்தால் இரண்டாவது வெட்டு, மூன்றாவது வெட்டு விழும். மழுங்கிய கத்தியை வைத்து முன்னும் பின்னும் இழுக்கும் கறிக்கடையும் அதே லட்சணம்தான். கத்தியைத் தீட்டிக்கொள், பிராணியை வதைக்காதே என்று நபிமொழியே சொல்கிறது.

ஆனால் இதெல்லாம் கடைசி ஒரு நிமிடச் சண்டை. அதற்கு முந்தின நாளை யாரும் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தைக்கோ ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்கோ பண்டிகைக்கு முன்னால் போய்ப் பாருங்கள். குட்டி யானை வண்டியில் உருப்படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடைத்திருப்பார்கள். கீழே படுத்தது நசுங்கி மூச்சு முட்டும். இறக்கும்போது காதைப் பிடித்து, பின்னங்காலைப் பிடித்து இழுப்பார்கள். காலையில் குடித்த தண்ணீர்தான், சாயங்காலம் வரை நாக்கு வறண்டு நிற்கும். இந்த வேதனை மணிக்கணக்கில் நடக்கிறது, இதற்கு எந்த மதத்தின் விதியும் காரணமில்லை.

வாங்குபவருக்கும் இதில் நஷ்டம் உண்டு. மிரண்டு களைத்த ஆட்டின் தசையில் இருப்புச் சர்க்கரை தீர்ந்துவிடும். வெட்டிய பிறகு உண்டாக வேண்டிய அமிலம் போதிய அளவு உண்டாகாது. கறி கருத்துப் போய், சீக்கிரம் கெடும்.

2001-ம் வருட ஆட்டுத்தொட்டி விதிகள் ஒரு விலங்கின் கண்முன் இன்னொன்றை அறுக்கக் கூடாது, சினையாக இருப்பதை அறுக்கக் கூடாது என்கின்றன. கோயில் திடலிலும் வீட்டு வாசலிலும் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

முடிந்தால் ஒரு நாள் முன்பே வாங்கி, நிழலில் கட்டி, தண்ணீர் காட்டுங்கள். வெட்டும் இடத்துக்கு ஒவ்வொன்றாக, மற்றவற்றின் பார்வை படாமல் நடத்திக் கொண்டுபோங்கள். கத்தி, ஆட்டுக் கழுத்தின் அகலத்தைப் போல இரண்டு பங்கு நீளமாவது இருக்கட்டும். ஓரத்தில் பல் விழுந்திருக்கிறதா என்று நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். அறுத்தபின் கால் உதைப்பதை மட்டும் வைத்து உயிர் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், அது அனிச்சையாகவும் வரும். கருவிழியை விரல் நுனியால் தொடுங்கள். இமை அசைந்தால் தோலுரிக்க இன்னும் நேரம் வரவில்லை.