லிம்பஸ்: கருவிழியின் விளிம்பு

கருவிழியும் வெண்விழியும் கூடுமிடத்தில் வளையமாக ஓடும் பகுதிக்குக் கண் மருத்துவத்தில் லிம்பஸ் என்று பெயர். அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். கண்ணில் சுண்ணாம்போ அமிலமோ பட்டு ஒருவர் வந்தால், இந்த வளையத்தைக் கடிகார முகம் போலப் பன்னிரண்டாகப் பிரித்து, எந்த மணி முதல் எந்த மணி வரை கருகியிருக்கிறது என்று மருத்துவர் கணக்கிடுவார். பார்வை மீளுமா என்பது பெரிதும் அந்தக் கணக்கில் இருக்கிறது.

இலத்தீனில் லிம்பஸ் என்றால் ஆடையின் ஓரக்கரை. நரகத்தின் ஓரமாகக் கிறித்தவ இறையியல் சொன்ன லிம்போவும் இதிலிருந்து பிறந்ததே. அப்படியானால் தமிழில் 'விழிக்கரை' என்று சொல்லலாமா? அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் காதுக்கு அது 'விழிக்கறை' என்றும் கேட்கும். கண்ணில் ஏதோ கறை என்று நோயாளி கலங்குவார். 'விளிம்பு' என்பதே என் தேர்வு.

கருவிழியின் மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து புதிதாகிறது. அதற்கான ஸ்டெம் செல்கள், அதாவது புதுச் செல்களை ஈன்றுகொண்டே இருக்கும் மூலச் செல்கள், குடியிருப்பது இந்த விளிம்பில். ஸ்டெம் செல்லைத் 'தண்டணு' என்பது வெறும் சொல்லுக்குச் சொல். 'குருத்தணு' என்பதில் உயிர் இருக்கிறது: வாழையின் குருத்திலிருந்து இலைக்குப் பின் இலையாக விரிவது போலத்தானே இங்கும் நடக்கிறது! விளிம்பு அழிந்தால் வெண்விழியின் மேற்படலம் இரத்தக் குழாய்களோடு கருவிழிமேல் படர்ந்து பார்வையை மறைக்கும். அந்த நிலையில் தானமாகப் பெற்ற கருவிழியை மட்டும் பொருத்திப் பயனில்லை. அதன் மேல்தோல் உதிர்ந்தபின் புதுத்தோல் தர ஆளில்லை.

எனவே முதலில் விளிம்பை மீட்கிறார்கள். நலமான மறுகண்ணின் விளிம்பில் சிறு துணுக்கு எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்துப் பொருத்தும் முறையை 1997இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஐதராபாத்தின் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையில் உருவாகி 2012இல் வெளியான முறைக்கு ஆய்வகமே வேண்டாம். இரண்டு மில்லிமீட்டர் துணுக்கைப் பத்துப் பொடித் துண்டுகளாக நறுக்கி, கருவிழிமேல் விரித்த பனிக்குடச் சவ்வில் (கருப்பையில் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வு) நாற்று நடுவது போல ஒட்டிவிடுகிறார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் தோல் பரவி ஒன்றோடொன்று கூடிவிடுகிறது. இரு கண்ணும் பழுதானவருக்கு உறவினரின் விளிம்போ தம் சொந்த வாயின் உட்தோலோ உதவக்கூடும்.

இந்த நோயை 'விளிம்புக் குருத்தணுக் குறைபாடு' என்று எழுதலாம். 'லிம்பஸ் போய்விட்டது' என்றால் நோயாளி திகைத்து நிற்பார். 'கருவிழியின் விளிம்பு கருகிவிட்டது, மறுகண்ணின் விளிம்பிலிருந்து துளி எடுத்து நடுகிறோம்' என்றால் அவருக்குப் புரியும், கேள்வியும் கேட்பார்.