திரித்துவமா, மூவொருமையா?

தூய ஆவி இறங்கி வந்ததை நினைவுகூரும் பெந்தகோஸ்து விழாவுக்கு அடுத்த ஞாயிறு கத்தோலிக்கக் கோயில்களில் மூவொரு கடவுள் பெருவிழா. அதையே பழைய ஆட்கள் 'தமத்திரித்துவம்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளில் திரித்துவம், திரியேக தேவன். ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மூவராயிருக்கிறார் என்ற நம்பிக்கை ஒன்று, பெயர்தான் பல.

'திரித்துவம்' வடசொல். 'திரி' என்றால் மூன்று. 'துவம்' தன்மையைக் குறிக்கும், மகத்துவத்தில் வருவது போல. ஆக, மூன்றாயிருக்கும் தன்மை. இலத்தீன் 'திரினித்தாஸ்' என்பதற்கும் ஏறத்தாழ இதே பொருள்தான். அதைக் கடவுளுக்குப் பயன்படுத்திப் பரப்பியவர் கார்த்தேஜ் நகரத்துக் கிறித்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். விவிலியத்தில் இந்தச் சொல் கிடையாது. ஆனால் மத்தேயு 28:19ஐக் கவனித்துப் பாருங்கள்: தந்தை, மகன், தூய ஆவி என்று மூவரைச் சொல்லிவிட்டு, 'பெயரால்' என்று ஒருமையில் முடிகிறது. 'பெயர்களால்' என்று இல்லை.

திரித்துவம் என்ற சொல்லில் மூன்று இருக்கிறது, ஒன்று எங்கே? அந்தக் குறையைத் 'திரியேகம்' தீர்க்கிறது (திரி + ஏகம்). அதன் நல்ல தமிழ்தான் 'மூவொருமை'. மூ + ஒருமை, நடுவில் வகர உடம்படுமெய். 'ஒருமை' என்பதற்கு ஒன்றாயிருத்தல் என்றும் பொருள், இலக்கணத்தில் பன்மைக்கு எதிரானது என்றும் பொருள். இந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. மும்மூர்த்தி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது வேறு சமயத்தின் வேறு கருத்து.

சிக்கலெல்லாம் 'ஆள்' என்ற சொல்லில்தான். ஒரே கடவுள், மூன்று ஆட்கள் என்பது மறைக்கல்விப் பாடம். ஆனால் 'மூணு ஆள் வந்தாங்க' என்றால் நமக்குத் தனித்தனியாக மூன்று பேர். இலத்தீன் 'பெர்சோனா'வுக்கு நேரெதிர்ச் சிக்கல்: அது நாடக முகமூடியையும் குறித்த சொல். அந்தப் பொருளில் எடுத்தால் ஒரே நடிகர் மூன்று வேடம் கட்டியதாகிவிடும். இரண்டையும் திருச்சபை ஏற்கவில்லை. 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் மகனைத் 'தந்தையோடு ஒரே பொருளானவர்' என்று அறிக்கையிட்டது. ஆள் வேறு, பொருள் (அதாவது உள்ளியல்பு) ஒன்று. ஆனாலும் 'ஆள்' என்பது போதாத சொல்தான். மூவர் என்கிறோமே, அது சொல்லிவிட முடிந்ததால் அல்ல, பேசாமல் இருந்துவிடக் கூடாதே என்பதால்தான் என்று பழங்காலத் திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தினாரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அப்புறம், ஆவி. தமிழில் இட்லிப் பானையில் எழுவதும் ஆவி, பேய்க்கதையில் வருவதும் ஆவி. இலக்கணப்படி அஃறிணை, 'ஆவி வந்தது' என்றுதான் எழுத வேண்டும். கடவுளை அப்படி எழுதக் கை வருமா? கத்தோலிக்கர் 'ஆர்' சேர்த்துத் 'தூய ஆவியார்' என்றார்கள். சீர்திருத்த சபையினர் 'பரிசுத்த ஆவியானவர்' என்றார்கள். போர்த்துகீசியர் காலத்துச் செபத்தில் இந்தத் தொல்லையே இல்லை. 'பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து' என்று தூய ஆவிக்குப் போர்த்துகீசியச் சொல்லையே அப்படியே வைத்துக்கொண்டார்கள். இன்னும் சில பாட்டிகள் சிலுவை போடும்போது அதைத்தான் முணுமுணுக்கிறார்கள்.