ஆஃப் பண்ணு: ஆங்கில வினைக்குப் பின்னால் வரும் குட்டிச் சொல்

'ஃபேனை ஆஃப் பண்ணு.' ஆங்கிலம் ஒரு வரிகூடப் படிக்காதவர்களும் அன்றாடம் சொல்லும் வாக்கியம் இது. ஆங்கிலத்தில் இது 'டர்ன் ஆஃப்' அல்லது 'ஸ்விட்ச் ஆஃப்'. அதிலிருந்த வினையை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் நம்முடைய 'பண்ணு' வந்து உட்கார்ந்துவிட்டது. 'ஆஃப்' மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது. யாரும் சொல்லித்தராமலே, அர்த்தம் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று நம் காது பிடித்துவிட்டது. திருகுகிறோமா அழுத்துகிறோமா என்பது இங்கே முக்கியமில்லை. மின்சாரத் தொடர்பு அறுபட வேண்டும், அதைச் சொல்வது 'ஆஃப்'.

கிவ் அப், புட் ஆஃப், கெட் ஓவர் என்று வினையும் குட்டிச் சொல்லும் சேர்ந்து வருவதை ஆங்கில இலக்கணத்தில் ஃப்ரேசல் வெர்ப் என்பார்கள். பள்ளியில் எங்களுக்கு இதைப் பட்டியலாகத்தான் கொடுத்தார்கள். 'புட்' என்ற ஒரே வினைக்கு என் நோட்டில் ஒரு பக்கம். புட் ஆஃப் என்றால் ஒத்திப்போடு, புட் அவுட் என்றால் அணை, புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள். அர்த்தம் ஏன் இப்படித் தாவுகிறது என்று யாரும் சொல்லவில்லை. மனப்பாடம் செய்தோம், பரீட்சை எழுதினோம், மறந்தோம்.

உண்மையில் இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. 'கூட்டத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டார்கள்' என்கிறோம். யாரும் கையால் எதையும் தள்ளவில்லை, போடவும் இல்லை. காலத்தை ஒரு தரையாகவும் கூட்டத்தை ஒரு பொருளாகவும் நினைத்து, அதை நம்மிடமிருந்து அப்பால் நகர்த்துகிறோம். 'புட் ஆஃப்' செய்வதும் அதையேதான். 'புட்' என்றால் வைப்பது, 'ஆஃப்' என்றால் அப்பால். 'புட் ஃபார்வர்ட்' அப்படியே நம் 'முன்வை'. 'டேக் இன்' என்பதை 'உள்வாங்கு' என்றும், 'பேக் அவுட்' என்பதைப் 'பின்வாங்கு' என்றும், புத்தகத்தை 'பிரிங் அவுட்' செய்வதை 'வெளியிடு' என்றும் தமிழ் சொல்கிறது. முன், பின், உள், வெளி என்ற திசைச் சொற்களை வைத்துக்கொண்டு எண்ணங்களைப் பேசுவது இரண்டு மொழிகளுக்கும் பொது. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் நிற்பதால் திசைச் சொல் அதற்கு முன்னால் வருகிறது, ஆங்கிலத்தில் பின்னால் வருகிறது. ஆங்கிலம் கடன் வாங்கிய 'போஸ்ட்போன்' என்ற லத்தீன் சொல்லைப் பிரித்தாலும் 'பின்' என்பதும் 'வை' என்பதும்தான் கிடைக்கும்.

பழைய ஆங்கிலத்திலும் இப்படி வினைக்கு முன்னால் ஒட்டும் முன்னொட்டுகள் நிறைய இருந்தன. அவை மெல்லத் தேய, பின்னால் நிற்கும் குட்டிச் சொற்கள் வலுத்தன. அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்திலிருந்து ஒரு சான்று இருக்கிறது. இங்கிலாந்தின் பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் எழுதிவந்த ஆண்டுக்குறிப்பில், 1137ஆம் ஆண்டின் கீழ், ஸ்டீஃபன் மன்னர் ஆக்ஸ்ஃபோர்டில் சபை கூட்டியதைச் சொல்கிறார்கள். சாலிஸ்பரி ஆயரையும் லிங்கன் ஆயரையும் பிடித்து, அவர்கள் தங்கள் கோட்டைகளை 'கிவ் அப்' செய்யும்வரை சிறையில் வைத்தாராம். எழுத்துக்கூட்டல் வேறு, சொற்கள் இதே சொற்கள்தான். கையிலிருப்பதை மேலே இருப்பவரிடம் ஒப்படைப்பது என்று பார்த்தால் அங்கே 'அப்' நன்றாகப் பொருந்துகிறது. இன்று ஒருவர் சிகரெட்டை 'கிவ் அப்' செய்கிறார். கோட்டை போய் சிகரெட் வந்திருக்கிறது, கை விடுவது மட்டும் மாறவில்லை. தமிழிலும் அது 'கைவிடு' தானே!

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு, லத்தீன் வினைகள் ஏறிக்கொண்டன. வீட்டிலும் வயலிலும் பழைய சின்னச் சொற்கள் தங்கின. அதனால்தான் தீயணைப்புக் கருவியின் மேல் 'எக்ஸ்டிங்குவிஷர்' என்று எழுதியிருக்கும், வாயில் 'புட் அவுட்' என்று வரும். நாம் புத்தகத்தின் வழியே ஆங்கிலம் கற்றதால் பெரிய சொற்கள் முதலில் வந்து, சின்னச் சொற்களில் தடுமாறுகிறோம். 1755இல் தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், அயல்நாட்டாருக்கு மிகப் பெரிய சிரமம் தருவது வினையும் குட்டிச் சொல்லும் சேரும் இந்தச் சேர்க்கைதான் என்று எழுதிவிட்டார்.

குட்டிச் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'அப்'. குழாயடியில் குடத்தை வைத்துப் பாருங்கள். தண்ணீர் மட்டம் மேலே ஏற ஏறக் குடம் நிறைகிறது. விளிம்பைத் தொட்டால் முடிந்தது. மேலே போவதும் முழுமையாவதும் அங்கே ஒரே நிகழ்ச்சி, அதுதான் 'ஃபில் அப்'. அங்கிருந்து 'முழுவதுமாக' என்ற பொருளில் அது மற்ற வினைகளுக்குப் பரவியது என்று பார்த்தால் பல சொற்கள் விளங்கிவிடும். 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு, 'யூஸ் அப்' என்றால் தீர்த்துவிடு. மரத்தை முதலில் 'கட் டவுன்' செய்கிறார்கள், அது கீழே சாய்கிறது. அப்புறம் அதையே 'கட் அப்' செய்கிறார்கள், துண்டு துண்டாக. சாய்ந்த மரம் மறுபடி எழுந்து நிற்பதில்லை. இந்த 'அப்' உயரத்தைச் சொல்லவில்லை, வேலை முற்றும் முடிந்ததைச் சொல்கிறது. நாம் 'விடு' என்ற துணைவினையைக் கொண்டு செய்யும் காரியம் இது.

சரி, குட்டிச் சொல் வினையோடு சேர்ந்ததா, பின்னால் வரும் பெயரோடு சேர்ந்ததா? இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனை உண்டு. 'ரன் அப் எ ஹில்' என்றால் குன்றின் மேல் ஓடுவது. 'ரன் அப் எ பில்' என்றால் கடையில் கணக்கை ஏற்றிக்கொண்டே போவது. பார்க்க ஒன்றுபோல இருக்கும். இப்போது 'அப்'பைக் கடைசிக்கு நகர்த்துங்கள். 'ரன் எ பில் அப்' சொல்லலாம். 'ரன் எ ஹில் அப்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குன்றுக்கு முன்னால் வரும் 'அப்' அந்தக் குன்றுக்குச் சொந்தமான ப்ரிபோசிஷன், அதை விட்டு நகராது. பில்லுக்கு முன்னால் வருவதோ வினையின் பங்காளி, அதனால் இடம் மாற முடிகிறது. இடம் மாறக்கூடிய இந்த வகையில் 'இட்' போன்ற சின்னப் பிரதிப்பெயர் வந்தால், அது நடுவில்தான் நிற்க வேண்டும். 'டர்ன் இட் ஆஃப்' சரி, 'டர்ன் ஆஃப் இட்' தவறு. ஆங்கில வாக்கியத்தின் முடிவு, புதிய செய்திக்கும் அழுத்தமான ஓசைக்கும் உரிய இடம். 'இட்' என்பது ஏற்கெனவே தெரிந்த பொருள், அழுத்தம் இல்லாத சொல். அழுத்தம் 'ஆஃப்' மேல் விழ வேண்டும். 'கவனித்துக்கொள்' என்ற பொருளில் வரும் 'லுக் ஆஃப்டர் இட்' என்பதில் 'ஆஃப்டர்' ப்ரிபோசிஷன் என்பதால் அசையாமல் நிற்கிறது.

சமாளிப்பதை நம் ஊர் ஆங்கிலத்தில் 'கோப் அப் வித்' என்பது சகஜம். ஆங்கிலேயர்கள் 'கோப் வித்' என்று மட்டும் சொல்வார்கள். கீப் அப் வித், புட் அப் வித் என்ற சொற்களைக் கேட்டுக் கேட்டு, அந்த அச்சிலேயே நாம் இதையும் வார்த்துவிட்டோம். தவறுதான். ஆனால் மொழியின் ஓட்டத்தை உள்வாங்கியவர்கள் செய்கிற தவறு.

கடைசியாக, பலரையும் குழப்பும் ஒன்று. 'லைட் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்தது. 'அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அலாரம் அடித்தது. ஒன்று நின்றது, ஒன்று தொடங்கியது, இரண்டுக்கும் ஒரே 'ஆஃப்'. பிடியிலிருந்து விடுபடுவது என்று அதை நினைத்தால் முரண்பாடு போய்விடும். துப்பாக்கி 'கோஸ் ஆஃப்' ஆவதும் அப்படித்தான், உள்ளே அடைபட்டிருந்தது வெளியே பாய்கிறது. நாமும் புகைப்பதை விடுகிறோம் என்கிறோம், அது நின்றுபோகிறது. பட்டம் விடுகிறோம் என்கிறோம், அது பறக்கத் தொடங்குகிறது.