பழைய ஆமி ரெயிலரும் சில்லுப் பெயாரிங்கும்

ஏலத்தில் எடுத்த ஆமி ரெயிலர் வளவுக்குள் வந்ததும் பலர் செய்வது இரண்டு வேலை: பெயின்ற் அடிப்பது, நிப்பிள் கண்ட இடமெல்லாம் கிறீஸ் ஏற்றுவது. பெயின்ற்றால் கெடுதல் இல்லை. வில்லங்கம் மற்றதில்தான். சில்லின் நடுக்குடமான ஹப்புக்குள் தண்ணீர் கலந்த பழைய கிறீஸ் கிடந்தால், மேலே எவ்வளவு புதுக் கிறீஸ் ஏற்றினாலும் அந்தத் தண்ணீர் போகாது. கூடுதலாக ஏற்றினால் கிறீஸை அடைத்து வைக்கும் பின்பக்கச் சீல் தள்ளுப்பட்டு, கிறீஸ் பிறேக் லைனிங்கில் வழியும்.

இந்த ரெயிலர்கள் பாரம் சுமக்கவென்றே செய்யப்பட்டவை. வெங்காய மூட்டையும் தண்ணீர்த் தாங்கியும் அவற்றுக்குப் பெரிய சுமையல்ல. ஹப்புக்குள் உருளைகளின் மேல் சில்லைச் சுழலவிடும் பெயாரிங்கைத் தின்பது, பல வருடம் ஒரே இடத்தில் நிற்பதுதான். அடிப்பக்க உருளைகளைச் சுற்றி ஈரம் தேங்கி, அந்த இடத்தில் மட்டும் துரு பிடிக்கும். கடற்காற்றும் மாரி வெள்ளமும் உள்ள யாழ்ப்பாணத்தில் இதற்கு அதிக காலம் எடுக்காது.

படகு இழுக்கும் ரெயிலருக்கு இன்னொரு ஆபத்து உண்டு. ஓடிவந்த சூட்டோடு ஹப்பைக் கடலுக்குள் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டெனக் குளிர்ந்து சுருங்கும். அந்த இழுவையில் சீலின் உதட்டைத் தாண்டி உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடும். கரையில் அரை மணி நேரமாவது நிறுத்தி, ஹப் ஆறியபின் இறக்குங்கள்.

கழற்றுமுன் மற்றச் சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜக்கில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, ரயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு ஒரு கையால் சில்லைச் சுற்றி, மற்றக் கையை வில்லுத் தகட்டில் வையுங்கள். காதுக்குக் கேட்காத கரகரப்பும் கைக்குத் தெரியும். சில்லு நட்டைத் திருப்புமுன், அது ஏறியிருக்கும் ஸ்டட்டின் நுனியையும் பாருங்கள். சில பழைய இராணுவ வண்டிகளில் இடப்பக்கச் சில்லுகளுக்கு இடம்புரி மரை. ‘எல்’ எழுத்து அடித்திருந்தால் கழற்றும் திசை எதிர்ப்பக்கம். தெரியாமல் நீட்டுக் குழாய் போட்டு நெம்பினால் ஸ்டட் முறியும்.

டிரம் வரவில்லையென்றால் சுத்தியலை எடுக்காதீர்கள், பிறேக் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

கழற்றிய பெயாரிங்கை மண்ணெண்ணெய்யில் கழுவுங்கள், பெற்றோல் வேண்டாம். கம்பிரசர் காற்றில் அதைச் சுழலவிட்டு விளையாடுவதும் வேண்டாம். எண்ணெய்ப்பசை இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் தேயும், உருளை தெறித்தால் கண்ணுக்கும் ஆபத்து. இனி ஹப்புக்குள் இறுகியிருக்கும் வெளிவளையத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். உருளைக்கு உருளை உள்ள அதே இடைவெளியில் கறுப்புக் கோடுகள் தெரிந்தால், தண்ணீரோடு நின்ற வண்டி அது. கோட்டில் நகம் தடக்கினால் வளையம் கழிவு. நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்தது. சீல் உரசும் இடத்தில் அச்சிலும் நகத்தை ஓட்டுங்கள். அங்கே பள்ளம் இருந்தால் புதுச் சீலும் ஒழுகும், மெல்லிய ஸ்லீவ் (உலோக உறை) போடவேண்டும்.

உருளைக்கூட்டை மட்டும் மாற்றி வெளிவளையத்தைப் பழையதாக விடுவது பணத்தை வீணாக்கும் வேலை. இரண்டும் சோடியாக மாறவேண்டும். வளையத்தில் பொறித்த இலக்கத்தைக் கடைக்குக் கொண்டுபோங்கள். மெட்ரிக் பெயாரிங்கில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வரும்: 30206 என்றால் 30 மி.மீ. பழைய ஆமி அச்சுகள் பல அங்குல அளவு. உதாரணமாக, எல்எம்67048 என்ற அங்குலப் பெயாரிங்கின் உள்விட்டம் 31.75 மி.மீ. ‘அச்சைக் கொஞ்சம் கடைஞ்சு 30க்குக் கொண்டுவரலாம்’ என்று லேத்தில் சொல்வார்கள். விடாதீர்கள். வளைவைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. அந்த 1.75 மி.மீ. போனால் வலுவில் ஏறத்தாழ 16 சதவீதம் போய்விடும். கடைந்த இடத்தில் கூர்மூலை விட்டால் வெடிப்பும் அங்கேதான் தொடங்கும்.

கிறீஸ் இரண்டாம் இலக்கத் தடிப்பு (என்.எல்.ஜி.ஐ. 2) போதும். தரையில் ஓடுவதற்கு லித்தியம் கொம்பிளெக்ஸ், கடலில் இறங்குவதற்குக் கல்சியம் சல்பொனேற். இரண்டையும் கலக்காதீர்கள், பழையதைச் சுத்தமாக வழித்தெடுத்துவிட்டே போடுங்கள். உள்ளங்கையில் ஒரு கட்டி கிறீஸ் வைத்து, பெயாரிங்கின் அகன்ற பக்க விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். ஒடுங்கிய பக்கத்தால் உருளைகளுக்கிடையே கிறீஸ் புழுப்போல எட்டிப்பார்க்கும் வரை விடக்கூடாது. ஹப்பின் குழியில் பாதிக்கு மேல் நிரப்பினால் வீண்சூடு.

நட் இறுக்குவதில்தான் நல்ல பெயாரிங்கும் எரிகிறது. சில்லைச் சுற்றிக்கொண்டே ஸ்பானரால் இறுக்கி உருளைகளை இருத்துங்கள். பிறகு நட்டை முழுதாகத் தளர்த்தி, சில்லைச் சுற்றாமல் விரலால் மட்டும் திருகுங்கள். நட் கழராமல் அச்சுக்குக் குறுக்கே போடும் கொட்டர் பின்னின் துளை நேர்படாவிட்டால் இறுக்கும் பக்கம் போகாமல், நட்டின் அடுத்த வெட்டு வரை தளர்த்துங்கள். அச்சின் நெடுக்கில் ஹப்பின் உள்-வெளி அசைவு 0.025 முதல் 0.125 மி.மீ. வரை இருக்கலாம். சாதாரண எழுதுதாளின் தடிப்பு 0.1 மி.மீ. அளவு. அசைவே இல்லாத இறுக்கம், சற்றுத் தளர்வாக இருப்பதைவிடக் கெதியில் எரிக்கும். கொட்டர் பின் ஒவ்வொரு முறையும் புதிது. ஆணியை வளைத்துப் போட்டுவிட்டு றோட்டில் ஏற்றவேண்டாம்.

முதல் ஓட்டத்தில் பத்துக் கிலோமீற்றருக்குள் நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைத்திருக்க முடியாத சூடென்றால் நட் இறுக்கம், அல்லது பிறேக் பிடித்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து தீவுப் பக்கம் போவதென்றால் இந்தச் சோதனை பண்ணைப் பாலத்துக்கு முன்பே முடியட்டும். இரண்டு பக்கமும் கடல் உள்ள றோட்டில் சில்லுக் கழற்ற வசதியில்லை.

வருடத்துக்கு ஒருமுறை, மாரிக்கு முன் புரட்டாதியில் கழற்றிப் பாருங்கள். கடலில் இறங்கும் ரெயிலருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சும்மா நிற்பதை மாதத்தில் ஒருநாள் பத்தடியாவது தள்ளிவிடுங்கள். ஒரு பக்கத்துக்கான உள், வெளிப் பெயாரிங்குகள், ஒயில் சீல், இரண்டு கொட்டர் பின் ஆகியவற்றைப் பொலித்தீனில் சுற்றி வண்டியிலேயே வைத்திருங்கள். இலக்கங்களை இழுவைச் சட்டத்தின் உட்பக்கத்தில் பெயின்ற்றால் எழுதிவிடுங்கள், அடுத்த முறை வேலை செய்கிறவர் துருப்பிடித்த வளையத்தில் எழுத்துத் தேடமாட்டார்.