போதிய படிப்பு முன்னேற்றம்: ஒரு சொல்லும் அதன் கணக்கும்

அமெரிக்கக் கல்லூரியில் அரசின் நிதியுதவியோடு படிக்கும் மாணவருக்குப் பருவம் முடிந்ததும் சில நேரம் ஒரு கடிதம் வரும். அதில் 'சாட்டிஸ்ஃபேக்டரி அகடமிக் புரோகிரஸ்' என்ற தொடர் இருக்கும். எஸ்.ஏ.பி. என்று சுருக்கியும் எழுதுவார்கள். அது இந்த மாணவரிடம் இல்லை என்று கடிதம் சொன்னால், பண வசதி குறைந்த மாணவருக்கு அரசு தரும் பெல் மானியமும் கூட்டரசின் கல்விக் கடனும் நின்றுபோகக்கூடும். தமிழில் இதைத் 'திருப்திகரமான கல்வி முன்னேற்றம்' என்று பெயர்ப்பது வழக்கம். அகராதிப்படி அதில் பிழை இல்லை. ஆனால் அந்தத் தமிழைக் கேட்கும் தாய் தகப்பனுக்குத் தோன்றும் பொருள் ஒன்று, விதி சொல்லும் பொருள் வேறொன்று.

'திருப்தி' வடசொல். நிறைவு என்பது அதன் பொருள். பந்தியில் இலையை மடிக்கும்போது "திருப்தியாகச் சாப்பிட்டீர்களா?" என்று கேட்கிறோமே, அந்த நிறைவு. திருப்தி என்றாலே யாரோ ஒருவருடைய மனம் நிறைய வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதத்தைப் பார்த்த பெற்றோர் "எந்தப் பேராசிரியருக்கு உன்மேல் திருப்தி இல்லை?" என்று பிள்ளையைக் கேட்கிறார்கள். உண்மையில் இதில் எந்தப் பேராசிரியரின் மனமும் சம்பந்தப்படவில்லை. ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன்: 'சாட்டிஸ்' என்றால் போதும், 'ஃபாக்கெரே' என்றால் செய்தல். போதுமான அளவு செய்துவிட்டாயா என்பதே கேள்வி. ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், அதைத் தொட்டால் போதும். 'போதும், போதாது, போதிய' என்று நாம் நாள்தோறும் புழங்கும் சொல் இங்கே அப்படியே பொருந்துகிறது.

'அகடமிக்' என்பதற்கு ஏதென்ஸ் நகருக்கு வெளியே பிளேட்டோ கற்பித்த தோப்பின் பெயர் மூலம். தமிழில் 'கல்வி' என்று சொன்னால் மிகவும் விரிந்துவிடும். இங்கே பேசப்படுவது ஒருவர் சேர்ந்திருக்கும் பட்டப் படிப்பு மட்டுமே. ஆகவே 'படிப்பு' என்பதே இறுக்கமாக இருக்கிறது. 'புரோகிரஸ்' என்பதில் 'புரோ' முன்னே, 'கிராடி' அடியெடுத்து வைத்தல். நம்முடைய 'முன்னேற்றம்' என்ற சொல்லில் ஏறுதல் இருக்கிறது. மதிப்பெண் கூடுவதே முன்னேற்றம் என்ற எண்ணம் அதனால் எளிதில் வந்துவிடுகிறது. லத்தீன் மூலத்தில் இருப்பது நடை. விதியும் மாணவர் எவ்வளவு உயர்ந்தார் என்பதோடு, என்ன வேகத்தில் நடக்கிறார் என்பதையும் அளக்கிறது. 'முன்னேற்றம்' ஊன்றிவிட்ட சொல் என்பதால் அதை மாற்றச் சொல்ல மாட்டேன். 'போதிய படிப்பு முன்னேற்றம்' என்று எழுதி, உள்ளே நடையும் இருக்கிறது என்று விளக்கினால் சரியாக இருக்கும்.

இந்த உதவிகளுக்கு அடிப்படை 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம். அதிபர் லிண்டன் ஜான்சன் தாம் படித்த டெக்சஸ் மாநிலத்துக் கல்லூரிக்கே சென்று, அந்த ஆண்டு நவம்பர் 8 அன்று அதில் கையெழுத்திட்டார். உதவி பெறுபவர் போதிய முன்னேற்றம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. இப்போதுள்ள விதியின் வடிவம் 2011 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. இந்த உதவி குடிமக்களுக்கும், கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும், சட்டம் குறிப்பிடும் வேறு சிலருக்கும் உரியது. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு இது கிடையாது.

அளவுகோல் மூன்று. மதிப்பெண் சராசரி முதலாவது: பெரும்பாலான கல்லூரிகள் இளநிலைப் படிப்புக்கு 4க்கு 2.0 கேட்கின்றன. அடுத்தது வேகம்: பதிவுசெய்த கிரெடிட்டுகளில் (ஒரு பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு கிரெடிட்) எத்தனை பங்கை முடித்திருக்கிறார் என்பது. கடைசியாக உச்ச வரம்பு: படிப்பின் அளவைப் போல ஒன்றரை மடங்குக்குள் முடித்தாக வேண்டும். 120 கிரெடிட் பட்டம் என்றால் 180 கிரெடிட் வரை பதிவுசெய்யலாம். 120ஐ 180ஆல் வகுத்தால் மூன்றில் இரண்டு, ஏறக்குறைய 67 சதவீதம். கல்லூரிகளின் அறிவிப்பில் திரும்பத் திரும்ப வரும் அந்த 67, யாரோ நினைத்துப் போட்ட எண் அல்ல; ஒன்றரை மடங்கு வரம்பிலிருந்து பிறந்தது.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். முதல் பருவத்தில் 15 கிரெடிட் பதிவுசெய்கிறாள். வேதியியல் 4 கிரெடிட், அது கடினமாக இருக்கிறது. மதிப்பெண் சராசரி கெட்டுவிடக் கூடாதே என்று நடுப்பருவத்தில் அதிலிருந்து விலகுகிறாள். கூடவே 3 கிரெடிட் பாடம் ஒன்றையும் விடுகிறாள். மீதி எல்லாவற்றிலும் ஏ. சராசரி 4.0! வீட்டில் எல்லோருக்கும் பெருமை. ஆனால் 15க்கு 8தான் முடித்திருக்கிறாள், 53 சதவீதம். 67 கேட்கும் கல்லூரியில் வேகக் கணக்கில் அவள் கோட்டுக்குக் கீழே. பருவத் தொடக்கத்தில், பாடம் மாற்றிக்கொள்ளத் தரும் சில நாள்களுக்குள் விட்டிருந்தால் அந்தப் பாடங்கள் கணக்கில் வந்திருக்காது. அதற்குப் பிறகு விலகினால் மதிப்பெண் சான்றிதழில் 'டபிள்யூ' என்று பதிவாகும். அது சராசரியைத் தொடாது, வேகத்தை மட்டும் குறைக்கும். அடுத்த பருவம் 15 கிரெடிட்டையும் முடித்துவிட்டால் 30க்கு 23, அதாவது 76 சதவீதத்துக்கு மேல் வந்துவிடுவாள். மீளக்கூடிய சறுக்கல்தான், முன்கூட்டியே தெரிந்திருந்தால்.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் குறுக்கே நிற்கிறது. தமிழ்நாட்டில் படித்த பெற்றோருக்குத் தோற்ற பாடம் என்றால் 'அரியர்'. அடுத்த முறை தேர்வு மட்டும் எழுதித் தேறினால் பழைய தோல்வி மறந்துபோகும். அமெரிக்க முறையில் தோற்ற பாடத்தை மறுபடி முழுதாக எடுத்துப் படிக்க வேண்டும், கட்டணமும் மறுபடி. வேகக் கணக்கில் பழைய பதிவும் புதிய பதிவும் இரண்டும் நிற்கும். உதவி வாங்காமல் சொந்தப் பணத்தில் படித்த பருவமும் சேர்த்தே எண்ணப்படும். 'அரியர்தானே, பார்த்துக்கொள்ளலாம்' என்ற ஆறுதலை இந்தக் கடிதத்துக்கு முன் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பருவந்தோறும் சரிபார்க்கும் கல்லூரி, கோட்டுக்குக் கீழே போனவருக்கு முதலில் எச்சரிக்கை தரலாம். அந்த ஒரு பருவம் உதவி தொடரும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் சரிபார்க்கும் கல்லூரியில் எச்சரிக்கைப் பருவம் இல்லை. உதவி நின்ற பின் மாணவர் கல்லூரியிடம் காரணம் சொல்லி, அது ஏற்கப்பட்டால் 'புரொபேஷன்' என்ற நிலையில் உதவி திரும்பக் கிடைக்கும்.

இந்தப் 'புரொபேஷன்' என்ற சொல்தான் தமிழில் அதிகம் காயப்படுத்துகிறது. நீதிமன்ற வழக்கில் அதற்கு 'நன்னடத்தை' என்று பெயர். நன்னடத்தை அலுவலர் என்ற பதவியே இருக்கிறது. அதை இங்கே கொண்டுவந்து 'நன்னடத்தைக் காலம்' என்று எழுதினால், தாயின் மரணத்தால் பாடங்களை விட்ட மாணவன் ஏதோ குற்றம் செய்தவன் ஆகிவிடுகிறான். நல்ல வேளையாக நம்மிடமே வேறொரு சொல் இருக்கிறது. அரசு வேலையில் புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லும் 'தகுதிகாண் பருவம்'. லத்தீன் மூலமான 'ப்ரொபாரே' என்பதன் பொருளும் சோதித்துத் தகுதி காண்பதுதான். கூடவே, கல்லூரியில் பருவம் என்றால் செமஸ்டர். இந்த நிலை நீடிப்பதும் பெரும்பாலும் ஒரு பருவம். இவ்வளவு பொருத்தமான சொல் வேறு கிடைக்காது.

காரணம் சொல்லும் விண்ணப்பத்தை 'மேல்முறையீடு' என்கிறார்கள். மேலே போவதற்கு இங்கே இடமில்லை. கல்லூரியேதான் கேட்டு முடிவு செய்கிறது. 'முறையீடு' போதும். அதில் இரண்டு செய்தி இருக்க வேண்டும்: ஏன் தவறியது, இப்போது என்ன மாறியிருக்கிறது. உறவினர் மரணம், மாணவரின் நோய் அல்லது காயம், வேறு தனிச் சூழல்கள் என்று விதி காரணங்களைச் சொல்கிறது. நம் பிள்ளைகள் எழுதும் முறையீட்டில் மன்னிப்பு நிறைய இருக்கும், இரண்டாவது செய்தி இருக்காது. 'மன்னித்துவிடுங்கள், இனி நன்றாகப் படிப்பேன்' என்ற வரிக்குப் பதிலாக, 'அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது, மருத்துவரின் கடிதம் இணைத்துள்ளேன், வேலை நேரத்தைக் குறைத்துவிட்டேன்' என்ற வரி வேண்டும்.

ஒரே பருவத்தில் கோட்டைத் தொட முடியாதவருக்கு, எந்தப் பருவத்தில் எத்தனை கிரெடிட், எப்போது கோட்டுக்கு மேல் வருவார் என்று ஒரு திட்டம் வகுத்துத் தருவார்கள். அதை அப்படியே பின்பற்றும்வரை உதவி தொடரும். 'அகடமிக் பிளான்' என்னும் இதைப் 'பாடத்திட்டம்' என்று பெயர்த்தால் எல்லோருக்கும் பொதுவான பாடப் பட்டியல் என்று ஆகிவிடும். இது ஒரே ஒரு மாணவருக்காக, அவர் பெயரில் எழுதப்படுவது. 'மீட்புப் படிப்புத் திட்டம்' என்று நான் எழுதுவேன்.