ஓனர் செட்டில் பண்ணாததற்குச் சித்தாளின் கூலி ஏன் நிற்க வேண்டும்?

கட்டட வேலையில் வரும் கூலித் தகராறுகளில் பெரும்பாலானவை ஒரே பதிலில்தான் தொடங்குகின்றன: "ஓனர் இன்னும் செட்டில் பண்ணல, நான் எங்கிருந்து தர்றது?" மேஸ்திரி பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல நேரம் அவர் கையிலும் காசு இருக்காது. ஆனாலும் சட்டத்தின் முன் அந்தப் பதில் செல்லாது. ஓனருக்கும் மேஸ்திரிக்கும் ஒரு கணக்கு, மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் வேறு கணக்கு. முதல் கணக்கு முடியும்வரை இரண்டாவது கணக்கு காத்திருப்பது வழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான்.

மேஸ்திரியின் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் தகராறின் வேர் தெரியும். 4,000 சதுரடி பூச்சு வேலை, சதுரடிக்கு 25 ரூபாய் லேபர் ரேட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,00,000. மூன்று கொத்தனாருக்கு ஆளுக்கு 1,100, மூன்று சித்தாளுக்கு ஆளுக்கு 700 என்றால் ஒரு நாள் கூலி 5,400. வேலை 17 நாளில் முடிந்தால் கூலி 91,800 போக 8,200 மிஞ்சும். சிமென்ட் லோடு வராமல் இரண்டு நாள் ஆட்களை வைத்துக்கொண்டு உட்கார நேர்ந்தால் இன்னொரு 10,800 போய்விடும். மிஞ்ச வேண்டிய 8,200 காணாமல்போய், கையிலிருந்து 2,600 போட வேண்டிவரும். சிமென்ட் வாங்கித் தர வேண்டியவர் ஓனர். நஷ்டத்தை அவரிடம் கேட்க மேஸ்திரிக்கு வாய் வராது. கடைசி வாரம் சித்தாள்களின் கூலியில் கை வைப்பார். சதுரடி ரேட் பேசும்போதே "பொருள் வராமல் ஆள் நின்றால் அந்த நாள் கூலி ஓனர் பொறுப்பு" என்று ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் இந்தச் சண்டையே வராது.

வேலைக்கு வந்த ஆளை மதியத்தோடு "பொருள் இல்லை, போயிட்டு வா" என்று அனுப்பி அரை நாள் போடுவது சரியா? வேலை செய்யத் தொழிலாளி தயாராக இருந்து, வேலை கொடுக்காதது வேலை கொடுத்தவரின் தவறு என்றால், அன்றைக்கு முழு நாள் கூலி உண்டு. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே இது இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அதே தொகுப்பின்படி நாள் கூலியை அன்றைய வேலை முடியும்போதும், வாரக் கூலியை வாரத்தின் கடைசி வேலை நாளிலும் கொடுத்துவிட வேண்டும். ஆளை நிறுத்தினாலோ அவராக நின்றாலோ, இரண்டு வேலை நாளுக்குள் முழுக் கணக்கும் முடிய வேண்டும்.

அடுத்து வருவது, "அவன் என் ஆளே இல்லை, கான்ட்ராக்டில் வந்தவன்" என்ற வாதம். பெயர் என்ன வைத்தோம் என்பதை நீதிமன்றங்கள் பார்ப்பதில்லை. எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொன்னது யார், சரியில்லை என்று இடித்துவிட்டு மறுபடி பூசச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, கலவை மெஷினும் சாரமும் யாருடையவை, லாப நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பவற்றைத்தான் பார்க்கின்றன. 1973-இல் ஒரு தையல் கடை வழக்கில், துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய தையல்காரர்களும் கடையின் தொழிலாளர்களே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சரியில்லாத தையலைத் திருப்பித் தரும் உரிமை கடைக்காரரிடம் இருந்தது அதில் முக்கியமான அடையாளம். 1978-இல் கோழிக்கோட்டுக் கயிற்று ஆலை வழக்கில், இடையில் ஒப்பந்தக்காரர்கள் இருந்தபோதும் உண்மையான முதலாளி ஆலைக்காரர்தான் என்று தீர்ப்பானது.

இதை மேஸ்திரிகளுக்கும் சேர்த்தே சொல்ல வேண்டும். சதுரடி ரேட் பேசி, சென்ட்ரிங் ஷீட்டும் மெஷினும் சொந்தமாக வைத்து, ஆளை வைப்பதும் நிறுத்துவதும் தானே என்றால் அவர் முதலாளி. கூலிக்குப் பொறுப்பு அவரே. ஆள் கூட்டிவந்து, தானும் கரண்டி பிடித்து, பில்டரின் இன்ஜினியர் சொன்னபடி செய்து, நாள் கூலியோடு தலைக்கு இவ்வளவு என்று வாங்குபவர் நிலை வேறு. பெரும்பாலும் அவரும் பில்டரின் தொழிலாளியே. கூலி பாக்கிக்கு அவரை மட்டும் பிடித்து உலுக்குவது நியாயமும் அல்ல, பலனும் தராது. ஒப்பந்தக்காரர் கூலி தரத் தவறினால், வேலை நடந்த நிறுவனத்தின் உரிமையாளரே தர வேண்டும் என்று சட்டத் தொகுப்பு சொல்கிறது. ஆகவே புகாரில் பில்டர் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். தான் குடியிருக்க ஒரே ஒரு வீடு கட்டும் தனிநபர் மீது இதே வழியில் போவது கடினம்.

தலைக்கமிஷனைக் கூலியிலிருந்தே பிடிக்கும் பழக்கம் தனி அநியாயம். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் நடந்த கட்டுமானங்களில், அன்றைய குறைந்தபட்சக் கூலி 9 ரூபாய் 25 காசு. ஆள் கூட்டிவந்த ஜமாதார்கள் அதில் ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டார்கள். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில்தான் கூறியது. கமிஷன் வேண்டுமென்றால் பில்டரிடம் வாங்கட்டும்.

ஊரிலிருந்து கூட்டிவரும்போது கொடுக்கும் அட்வான்ஸைக் கூலியில் பிடிக்கலாம். ஆனால் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்தக் காலத்துக் கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது. "அட்வான்ஸ் கழியும்வரை வேறு சைட்டுக்குப் போகாதே" என்று ஆளைக் கட்டிப்போட்டால் அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் போய் நிற்கும். இன்னொன்று, பெண் என்றால் சித்தாள், அதே சட்டியை ஆண் தூக்கினால் பெரியாள் என்று இரண்டு கூலி போடுவது. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது 1976 முதல் சட்டம். பெயரை மாற்றினால் வேலை மாறிவிடாது.

இவ்வளவு சட்டம் இருந்தும் வழக்குகள் தோற்பது கணக்கில்தான். கூலி கொடுத்ததை நிரூபிக்க வேண்டியது முதலாளி என்பது உண்மை. ஆனால் அங்கே வேலை செய்தேன் என்பதையே அவர் மறுத்தால் தொழிலாளியிடம் ஏதாவது இருக்க வேண்டும். தேதி, சைட், முழு நாளா அரை நாளா, வாங்கிய தொகை என்று ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதுங்கள். சனிக்கிழமை கணக்கு முடிந்ததும் மேஸ்திரியின் மஸ்டர் (ஆள் வருகைப் பதிவு) பக்கத்தைப் போனில் படம் எடுங்கள். ஜிபேயில் பணம் வந்தால் "இந்த வாரக் கூலி 4,200-இல் 3,000 வந்தது, பாக்கி 1,200" என்று உடனே வாட்ஸ்அப்பில் பதில் போடுங்கள். மறுக்காமல் விட்ட அந்தச் செய்தி பின்னால் பெரிய பலம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுச் செய்தியை அழிக்காதீர்கள், அந்தப் போனையும் விற்றுவிடாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது மூலம் கேட்பார்கள். மேஸ்திரிகளுக்கும் இதுவே பாதுகாப்பு: கையெழுத்தில்லாமல் ரொக்கம் கொடுத்தவர், கொடுத்த காசையே இரண்டாம் முறை கொடுக்க நேரும்.

ஓனர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த தவணை கொடுக்குமுன் போன வார மஸ்டரை, ஆட்களின் கையெழுத்தோடு, கேட்டுப் பாருங்கள். ஒப்பந்தத் தாளில் "வாரக் கூலி பாக்கி நின்றால் ஓனர் நேரடியாகக் கொடுத்து பில்லில் கழித்துக்கொள்ளலாம்" என்று சேர்த்துவிடுங்கள். மேஸ்திரி பாதியில் போய்விட்டால், வாசலில் ஆட்கள் வந்து நிற்கும் அன்று இந்த வரி உதவும்.

சாரம் சரிந்தால் விஷயமே மாறிவிடும். தற்காலிக ஆள் என்று சொல்லி இழப்பீட்டிலிருந்து தப்ப உதவிய விலக்கு 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போய்விட்டது. ஒப்பந்தக்காரரின் ஆள் அடிபட்டாலும், அது பில்டரின் தொழிலைச் சேர்ந்த வேலை என்றால் பில்டரிடமே கேட்கலாம். பின்பு அவர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்வார். 40 வயதுத் தொழிலாளி இறந்தால், கணக்குக்கான மாதக் கூலி உச்சவரம்பு 15,000-இல் பாதி 7,500, அதை அந்த வயதுக்குச் சட்டம் வைத்திருக்கும் எண்ணான 184.17-ஆல் பெருக்க 13,81,275 ரூபாய். இரண்டு லட்சத்தைக் கையில் வைத்து வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்பவரிடம் குடும்பத்தார் இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்.

பாக்கிக்கான மனுவை மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கொடுக்கலாம். "நிறைய பாக்கி" என்று எழுதாதீர்கள். 26 நாள், 700 வீதம் 18,200, வாங்கியது 11,000, பாக்கி 7,200 என்று எழுதுங்கள். சைட் முகவரி, அங்குள்ள பெயர்ப் பலகையின் படம், கூட வேலை செய்த இருவரின் பெயர் ஆகியவற்றையும் சேருங்கள். பாக்கியோடு பத்து மடங்குவரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரம் இருக்கிறது. முன்பு ஆறு மாதம், ஒரு வருடம் என்றிருந்த காலக்கெடு இப்போது மூன்று ஆண்டு. இருந்தாலும் சைட் முடிந்து ஆட்கள் கலைந்துபோவதற்குள் மனு கொடுத்துவிடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும். அழைக்க வேண்டிய எண் 15100.